அட்ரினல் கட்டி: வயிறு வழியா, முதுகு வழியா?

சென்ற இதழில், பல மாத்திரைகளுக்கும் அடங்காத ரத்த அழுத்தம் சிலருக்கு அட்ரினல் சுரப்பியில் உண்டாகும் சிறு கட்டியால் வரலாம் என்றும், அதை அறுவை சிகிச்சையால் அகற்ற முடியும் என்றும் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த அறுவையை எந்த முறையில் செய்துகொள்வது என்பதைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மனைவிக்கு வயது 46. நான்கு வகை மாத்திரைகள் சாப்பிட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லை. பொட்டாசியமும் குறைந்துகொண்டே வருகிறது. சி.டி. ஸ்கேனில் இடது அட்ரினலில் 1.5 செ.மீ. கட்டி இருப்பதாகத் தெரிந்தது. ஒரு மருத்துவர் வயிற்றில் துளையிட்டு எடுக்கலாம் என்கிறார். மற்றொருவர் முதுகு வழியாக எடுப்பதே நல்லது என்கிறார். முதுகில் துளையிட்டால் தண்டுவடத்துக்கு ஏதேனும் ஆகுமோ என்று அவள் அஞ்சுகிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது? – வாசகர், கும்பகோணம்

முதலில் உங்கள் மனைவியின் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். முதுகு வழி என்று சொன்னாலும் துளைகள் போடப்படுவது முதுகெலும்பின் மீது அல்ல. கடைசி விலா எலும்புக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, விலாப்பக்கமாக. தண்டுவடம் அந்தப் பாதையிலேயே இல்லை.

அட்ரினல் சுரப்பி ஒவ்வொன்றும் 4 அல்லது 5 கிராம் எடையே உள்ளது. ஆனால் அது இருக்கும் இடம் மிக ஆழமானது. வயிற்றின் பின்சுவரை ஒட்டி, சிறுநீரகத்தின் மேல்முனையில், உதரவிதானத்துக்குக் கீழே கொழுப்புக்குள் புதைந்திருக்கிறது. குடலையும் இரைப்பையையும் மூடியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய உறைக்கு அது பின்புறம் இருப்பதால், வீட்டின் கடைசி அறைக்கு வாசல் வழியாகவும் போகலாம், கொல்லைக் கதவு வழியாகவும் போகலாம் என்பதுபோல, இங்கேயும் இரண்டு வழிகள் கிடைக்கின்றன.

வயிறு வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையைக் கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த மிஷேல் காக்னே 1992-இல் வெளியிட்டார். அதற்கு முன்பு, ஒரு சில சென்டிமீட்டர் அளவுள்ள கட்டிக்காக வயிற்றையோ விலாவையோ நீளமாகக் கிழிக்க வேண்டியிருந்தது. அறுவையைவிட அந்த வெட்டுக்காயம் ஆறுவதே நோயாளிக்குப் பெருந்துன்பமாக இருந்தது. புதிய முறையில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கட்டி உள்ள பக்கத்தை மேலாக வைப்பார்கள். விலா எலும்பின் விளிம்புக்குக் கீழே மூன்று அல்லது நான்கு துளைகள் இட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை விரிப்பார்கள். உங்கள் மனைவிக்கு இடது பக்கம் என்பதால், மண்ணீரலையும் கணையத்தின் வால்பகுதியையும் அவற்றின் பிடிப்புகளிலிருந்து விடுவித்து ஓரமாகச் சாய்த்த பிறகே சுரப்பி கண்ணுக்குத் தெரியும். வலது பக்கமாக இருந்தால் கல்லீரலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகவே பெரும்பாலும் நான்காவது துளை தேவைப்படுகிறது. இந்த முறையின் பெரிய பலம், இடம் தாராளமாகக் கிடைப்பதும், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பது அறுவை மருத்துவர்களுக்கு நன்கு பழகிய காட்சியாக இருப்பதுமாகும்.

முதுகு வழி முற்றிலும் புதிய எண்ணம் அல்ல. அமெரிக்க மருத்துவர் ஹியூ யங் 1936-லேயே இரு விலாப்பக்கங்களிலும் பெரிய வெட்டுகளிட்டுப் பின்புறமாக இந்தச் சுரப்பிகளை அடையும் முறையை விளக்கியிருந்தார். 1990-களின் நடுவில் அதைத் துளைகள் வழியாகச் செய்யும் முறை உருவானது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரைச் சேர்ந்த மார்ட்டின் வால்ஸ் அதைச் செம்மைப்படுத்தி உலகெங்கும் பரப்பினார். அவருடைய குழு 520 நோயாளிகளுக்குச் செய்த 560 அறுவைகளின் முடிவுகளை 2006-இல் வெளியிட்டபோதுதான் பலரும் இதைத் திரும்பிப் பார்த்தார்கள். இதில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்கால்களையும் மடக்கி, வயிறு தொங்கும்படி விடுகிறார்கள். பன்னிரண்டாவது விலா எலும்பின் நுனிக்குக் கீழே முதல் துளை. அதன் இருபக்கமும் ஒவ்வொரு துளை. குடலையோ கல்லீரலையோ மண்ணீரலையோ தொட வேண்டியதே இல்லை. நேராகச் சிறுநீரகத்தின் மேல்முனைக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இங்கே வேலை செய்யும் இடம் குறுகலானது என்பதால் வாயுவின் அழுத்தத்தை 20 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை கூட்டுகிறார்கள். வயிறு வழியில் இது 12 முதல் 15 வரைதான். கூடுதல் அழுத்தம் சிறு ரத்தக்குழாய்களை அமுக்கிவிடுவதால் ரத்தக்கசிவு குறைந்து களம் தெளிவாக இருக்கிறது. அதே சமயம் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கூடுதலாகக் கலக்கும் என்பதால், மயக்க மருத்துவர் செயற்கைச் சுவாசத்தை அதற்கேற்ப ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இந்த முறையில் அவருடைய பழக்கமும் அறுவை மருத்துவரின் பழக்கத்துக்கு இணையாக முக்கியமானது என்பதை நோயாளிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் போலந்தின் கிராக்கோவ் நகரில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. 7 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி உடைய 65 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முதுகு வழியில் அறுவைக்கு ஆன நேரம் சராசரியாக 51 நிமிடம். வயிறு வழியில் 77 நிமிடம். முதுகு வழியில் ரத்த இழப்பும் வலியும் குறைவாக இருந்தன; நோயாளிகள் சீக்கிரமே சாப்பிட்டு எழுந்து நடந்தார்கள்; வாயுவினால் தோள்பட்டையில் வரும் வலியும் குறைந்திருந்தது. துளையிட்ட இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் ஏற்பட்டது வயிறு வழிப் பிரிவில் மட்டுமே. ஆனால் பெரிய சிக்கல்களின் அளவில் இரு பிரிவுகளுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே சிறிய கட்டி, அதிகப் பருமன் இல்லாத உடல், முதுகு வழியில் நன்கு பழகிய மருத்துவர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் நான் முதுகு வழியையே பரிந்துரைப்பேன். மூன்றாவது நிபந்தனை அமையவில்லை என்றால், வயிறு வழியில் தேர்ந்த மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். முதுகுப் பக்கமிருந்து பார்க்கும்போது உறுப்புகளின் அமைப்பே தலைகீழாகத் தோன்றும். அது கண்ணுக்குப் பழகக் குறைந்தது 20 அறுவைகளாவது வேண்டும். எதிர்பாராமல் பெரிய ரத்தப்போக்கு ஏற்பட்டால், குப்புறக் கிடப்பவரைத் திருப்பிப் போட்டு வயிற்றைத் திறக்கச் சில நிமிடங்கள் வீணாகும் என்பதும் இந்த வழியின் உண்மையான குறை. விலாவை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்குவதால் சிலருக்கு இடுப்புக்கு மேலே மரத்துப்போவதும், அந்தப் பக்கத்துத் தசை சற்றுப் புடைத்து நிற்பதும் உண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் அது சரியாகிவிடும்.

இரண்டு மருத்துவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "ஆண்டுக்கு எத்தனை அட்ரினல் அறுவைகள் செய்கிறீர்கள்?" ஆண்டுக்கு ஆறுக்குக் குறைவாகச் செய்யும் கைகளில் சிக்கல்கள் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது அவமதிப்பான கேள்வி அல்ல; கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ஹார்மோன் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மனைவிக்கு இரு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே ரத்தம் எடுத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்னும் அட்ரினல் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்களா? இந்த வயதில், ஸ்கேனில் கட்டி தெரியும் பக்கத்திலிருந்துதான் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தீங்கற்ற, சுரக்காத கட்டிகள் நடுவயதுக்குப் பின் பலருக்கும் இருக்கும். கோளாறு வலது பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ இருந்துவிட்டால், இடது சுரப்பியை எவ்வளவு அழகாக அகற்றினாலும் பயன் இல்லை.

எனக்கு இரண்டு சிசேரியன்களும் பித்தப்பை அறுவையும் நடந்திருக்கின்றன. வலது அட்ரினலில் 3 செ.மீ. கட்டி. குடல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் லேப்ராஸ்கோப்பி முடியாது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். – வாசகி, நாகர்கோவில்

முடியும். சிசேரியனால் உண்டாகும் ஒட்டுகள் அடிவயிற்றில் இருப்பவை. அட்ரினல் அறுவைக்கு அவை பெரும்பாலும் இடையூறு செய்வதில்லை. பித்தப்பை அறுவை நடந்த இடமோ கல்லீரலுக்குக் கீழே, நீங்கள் சொல்லும் வலது பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒட்டுகள் இருக்க வாய்ப்புண்டு. உங்களைப் போன்றவர்களுக்குத்தான் முதுகு வழி மிகவும் பயன்படுகிறது, ஏனென்றால் வயிற்றறைக்குள் நுழைவதே இல்லை. வலது அட்ரினலின் சிரை மிகக் குட்டையானது. நேராகக் கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்கிறது. இந்த அறுவையில் மிகவும் கவனம் வேண்டிய இடம் அதுவே. அந்தச் சேர்க்கை பெருஞ்சிரையின் பின்பக்கமாக அமைந்திருப்பதால் முதுகுப் பக்கமிருந்து அதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. உங்கள் எடையைக் குறிப்பிடவில்லை. உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேல் இருந்தால் முதுகின் கொழுப்பும் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்போது வயிறு வழியே வசதியாக இருக்கலாம்.

என் தந்தைக்கு 9 செ.மீ. அட்ரினல் கட்டி. மருத்துவமனையில் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் காலத்திலும் பெரிய வெட்டா? வசதியில்லாத மருத்துவமனை என்பதால் இப்படிச் சொல்கிறார்களா? வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா? – வாசகர், ஈரோடு

உங்கள் ஆதங்கம் புரிகிறது. இருந்தாலும், உங்கள் தந்தையை மிகுந்த பொறுப்புடன் கவனிக்கிறார்கள் என்பதற்கே இந்த ஆலோசனை சான்று என்று சொல்வேன்.

அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் வரும் புற்றுநோய் அரிதானது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே வருகிறது. ஆனால் கட்டி பெரிதாகப் பெரிதாக அந்தச் சந்தேகம் வலுக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு அறிக்கை, 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் 2 சதவீதமும் 6 செ.மீ.க்கு மேற்பட்டவற்றில் 25 சதவீதமும் புற்றாக இருக்கக்கூடும் என்று கணித்தது. 9 செ.மீ. கட்டியை, வேறுவிதமாக நிரூபணமாகும் வரை, புற்றாகக் கருதித்தான் அணுக வேண்டும்.

இந்தப் புற்றின் உறை மிக மென்மையானது. கருவியின் நுனியால் பிடித்து இழுக்கும்போது அது கிழிந்து, உள்ளிருக்கும் திசு சிறிதளவு வயிற்றுக்குள் சிந்தினாலும், முழுமையாகக் குணமாகியிருக்க வேண்டியவருக்கு வயிறெங்கும் நோய் திரும்பி வரக்கூடும். இந்த நோயில் முதல் அறுவைதான் குணமாவதற்கான ஆகச் சிறந்த வாய்ப்பு. அதைத் தழும்பின் நீளத்துக்காக இழக்கவே கூடாது. கட்டியை அதைச் சுற்றியுள்ள கொழுப்போடும், தேவைப்பட்டால் ஒட்டியிருக்கும் உறுப்போடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து உடையாமல் எடுப்பதற்குத் திறந்த அறுவையே உரிய முறை. 2018-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும், புற்று எனச் சந்தேகிக்கப்படும் கட்டி 6 செ.மீ.க்கு உட்பட்டதாக, அக்கம்பக்கத்தில் பரவாததாக இருந்தால் மட்டுமே, தேர்ந்த கைகளில் லேப்ராஸ்கோப்பியை ஏற்கின்றன.

அளவு ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கட்டியின் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ அதற்குக் குறைவாகவோ இருந்து, முழுவதும் ஒரே சீராக இருந்தால், அது தீங்கற்ற கொழுப்பு மிகுந்த கட்டி. அத்தகையவை பெரிதாக இருந்தாலும் வயிறு வழி லேப்ராஸ்கோப்பியில் எடுக்க முடிவதுண்டு. முதுகு வழி மட்டும் இந்த அளவுக்குப் பொருந்தாது. உங்கள் தந்தையின் ஸ்கேன் அறிக்கையில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். ஹார்மோன் பரிசோதனைகள் முழுமையாக நடந்தனவா என்றும் கேளுங்கள். யாராவது "முதலில் ஊசி போட்டுச் சதைப் பரிசோதனை செய்துவிடலாம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதனால் நோய் சிந்தும் ஆபத்து உண்டு, பெரும்பாலும் தெளிவான விடையும் கிடைப்பதில்லை. மருத்துவமனையை மாற்றுவதென்றால், இத்தகைய புற்றுகளுக்கு அடிக்கடி அறுவை செய்யும் இடத்துக்கு மாற்றுங்கள். சிறு துளை போட ஒப்புக்கொள்ளும் இடத்தைத் தேடி அலைய வேண்டாம்.

ரோபோ மூலம் செய்தால் பிழையே வராது என்கிறார்களே? கூடுதலாகச் செலவழிக்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. அறுவை மருத்துவர் பக்கத்தில் அமர்ந்து அதன் கைகளை இயக்குகிறார். முப்பரிமாணக் காட்சியும், மணிக்கட்டுபோல் வளையும் கருவிகளும், கை நடுக்கம் தெரியாத அசைவும் அதன் நன்மைகள். பெரிய கட்டி, மிகுந்த உடல் பருமன், சுரப்பியின் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைக்க வேண்டிய நிலை ஆகியவற்றில் இவை உதவக்கூடும். சிறிய, எளிய கட்டியில் சாதாரண லேப்ராஸ்கோப்பியைவிட நோயாளிக்குக் கூடுதல் பலன் கிடைப்பதாகத் தெளிவாக நிரூபிக்கப்படவில்லை. இத்தாலியின் துரின் நகரில் 20 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ரோபோவுக்கு நேரமும் செலவும் கூடுதலாகின. கருவிகளும் பழக்கமும் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன. செலவு மட்டும் குறையவில்லை. கடன் வாங்கி ரோபோவைத் தேட வேண்டியதில்லை.

என் தம்பிக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்று சொல்கிறார்கள். தலைவலி, படபடப்பு, வியர்வை எல்லாம் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பிதான் என்று முடிவான பிறகும் இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டு வரச் சொல்கிறார்கள். சிறு துளை அறுவைக்கு எதற்கு இவ்வளவு காத்திருப்பு? – வாசகி, திருநெல்வேலி

அந்த இரண்டு வாரம்தான் உங்கள் தம்பியின் உயிரைக் காக்கப்போகிறது. தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் இந்த அட்ரினல் கட்டி, அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் ஹார்மோன்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும்போதும், வாயுவைச் செலுத்தி அழுத்தம் ஏறும்போதும், கருவி கட்டியைத் தொடும்போதும் அவை மொத்தமாக ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தத்தை நொடிகளில் ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும். துளை சிறியதாக இருப்பதால் இந்த ஆபத்து குறைந்துவிடுவதில்லை. அதனால் 7 முதல் 14 நாள்கள் வரை ஃபீனாக்ஸிபென்சமின், பிரசோசின், டாக்ஸசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பு மருந்துகளில் ஒன்றைக் கொடுத்துச் சுருங்கிக் கிடக்கும் ரத்தக்குழாய்களை விரிய வைக்கிறார்கள். கூடவே உப்பும் நீரும் தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். மற்ற ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். விரிந்த குழாய்களை நிரப்ப அது வேண்டும். படபடப்புக்கான பீட்டா தடுப்பு மருந்தை ஆல்ஃபா மருந்துக்கு முன்பாக ஒருபோதும் தொடங்கக் கூடாது. தொடங்கினால் அழுத்தம் இன்னும் ஏறிவிடும். வீட்டில் பழைய மாத்திரை ஏதேனும் இருக்கிறதென்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கட்டியை எடுத்து முடித்ததும் நிலைமை தலைகீழாகி, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் முதல் நாள் தீவிர கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். எந்த வழி என்ற கேள்வியில், இந்தக் கட்டிக்கும் அளவும் மருத்துவரின் பழக்கமுமே தீர்மானிக்கும். கட்டியைப் பிசையாமல், சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்தே நகர்த்தும் பொறுமை இரண்டு வழிகளிலும் வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரையாக வந்ததாக இருக்கிறது. மரபணுப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். முடிவைப் பொறுத்து உங்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

இரண்டு அட்ரினலையும் எடுக்க வேண்டியிருந்தால் இரண்டு முறை அறுவையா? – வாசகர், புதுச்சேரி

பெரும்பாலும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம். வயிறு வழியில் ஒரு பக்கம் முடிந்ததும் நோயாளியை மறுபக்கம் திருப்பிப் போட்டு மீண்டும் துணி விரித்துத் தொடங்க வேண்டும். முதுகு வழியில் திருப்பவே வேண்டாம். தேர்ந்த குழுக்களில் இரு மருத்துவர்கள் ஒரே நேரத்தில் இரு பக்கமும் வேலை செய்வதும் உண்டு. இரண்டையும் முழுமையாக எடுத்துவிட்டால், அவை சுரந்த ஹார்மோன்களுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃபுளூட்ரோகார்ட்டிசோனும் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. இந்தத் தளையிலிருந்து காப்பாற்றவே, பரம்பரை ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவர்களுக்குப் புறணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விட்டுவைக்க முயல்கிறார்கள். அந்த மீதத்தில் கட்டி மறுபடி முளைக்கக்கூடும் என்பதால் அவர்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர வேண்டும்.

ஆல்டோஸ்டிரோன் கட்டிக்கு அடுத்த மாதம் முதுகு வழியாக அறுவை. எப்போது வீடு திரும்பலாம்? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

சிக்கல் ஏதும் இல்லையென்றால் ஒன்று முதல் மூன்று நாள்களில் வீடு திரும்பலாம். அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள். கனமான பொருள்களைத் தூக்குவதை மட்டும் சில வாரங்கள் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றி மிகையான நம்பிக்கை வேண்டாம். 12 மையங்களில் இந்த அறுவை செய்துகொண்ட 705 பேரை ஆராய்ந்து 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 94 சதவீதத்தினருக்கு ஹார்மோன் கோளாறு முற்றிலும் சீராகியிருந்தது. ஆனால் மாத்திரையே இல்லாமல் ரத்த அழுத்தம் இயல்புக்கு வந்தவர்கள் 37 சதவீதத்தினர். பெண்களும் இளைய வயதினரும் இதில் கூடுதலாக இருந்தனர். மற்றவர்களில் பலருக்கு மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்தது. நெடுங்காலம் அழுத்தத்தில் இருந்த ரத்தக்குழாய்கள் கட்டி போன மறுநாளே இளகிவிடுவதில்லை. பொட்டாசியம் மாத்திரையையும், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையையும் பொதுவாக அறுவை முடிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். மற்றவற்றை மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இதுவரை அடங்கிக் கிடந்த மறுபக்கச் சுரப்பி விழித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறிவிடவும் கூடும். ஆகவே முதல் நான்கு வாரங்களுக்கு வாரம் ஒரு முறை பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை இளநீரையும் வாழைப்பழத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.